நத்துவின் கஞ்சி

நவம்பர் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு முதலில் இதை எழுதிவிடுகிறேன். ஒரு வாரமாக ஒரு குழந்தையின் களிம்பைத் திருடி என் முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடைத் தம்பிதான் காரணம். டியூபைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இத பொம்பளப்பிள்ளைய மூஞ்சி வெளுக்கதுக்குல்லா வாங்கிட்டுப் போறாவ" என்று ஒரு போடு போட்டான். நாற்பத்தொன்பது வயதில் வெளுத்து யாருக்குக் காட்டப்போகிறாய் பியூலா என்று என்னை நானே கேட்டேன். பதில் வருவதற்குள் கை டியூபைப் பிதுக்கிவிட்டது.

மூன்று நாள் முகம் பளபளவென்றுதான் இருந்தது. கோவில் பாடகர் குழுவில் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்து நின்றேன். இன்று காலை கண்ணாடியில் பார்த்தால் தக்காளியில் கடுகு தாளித்த மாதிரி இருக்கிறது.

களிம்புக்குச் சொந்தக்காரன் நத்து. முழுப்பெயர் நத்தானியேல், என் தம்பி ஜெயசிங்கின் ஒரே மகன், ஒன்றேமுக்கால் வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னம், முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் சிவந்து தடித்துவிட்டது. சில நாள் நீர் கசியும். டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். பாளையங்கோட்டை கரப்பான் என்கிறது. அரிப்பு தாங்காமல் பிறாண்டிக்கொள்வான் என்று கையில் சாக்ஸ் மாட்டித்தான் தூங்கவைக்கிறோம்.

அவன் அம்மா ஹெப்சிபா கணக்கு டீச்சர். களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, குண்டூசி முனையளவு எடுத்து அதையும் பாதி துடைத்துவிட்டுத்தான் பூசுகிறாள். அவளுக்கு இன்று சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன மைனி, டியூபு அதுக்குள்ள பாதியாயிட்டு? இவுகதான் அள்ளி அப்புதாவ போலுக்கு."

நான் கேக் மாவைக் கலக்குவதில் மும்முரமாக இருந்தேன். தம்பிக்குச் சாயங்காலம் வசவு விழுந்தது. பாவம், ஒரு சாக்லேட் கேக் துண்டு கூடுதலாகக் கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நத்துவைச் சுற்றி ஒரு மருத்துவ மாநாடு. ஒருத்தி வேப்பிலை என்கிறாள், ஒருத்தி கழுதைப்பால் என்கிறாள். பக்கத்துத் தெரு ரோஸ்லின் அக்கா எல்லாரையும் கையமர்த்தினாள். அவளுக்குத் தெரியாத நோய் உலகத்தில் இனிமேல்தான் வர வேண்டும்.

"கரப்பான் பண்டம் எதையும் கண்ணுல காட்டக்கூடாது ஹெப்சி. கத்தரிக்கா, கருவாடு, நெலக்கடல, பூசணி. எல்லாத்துக்கும் மேல முட்ட. முட்ட சாப்பிடத்தான் வேணும்னு இல்லட்டி. மணம் பட்டாலே போதும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மாநாடே என்னைப் பார்த்தது.

நான் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கேக் செய்து விற்கிறேன். கல்யாணம், பிறந்தநாள், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் கேக். தட்டு தட்டாக முட்டை உடைப்பவள். பகலில் ஹெப்சியும் ஜெயசிங்கும் வேலைக்குப் போய்விட, நத்துவைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். இவைதான் இந்த வீட்டில் எனக்கு இருக்கும் இரண்டு வேலை. மூன்றாவது வேலை, சும்மா இருப்பது. அது எனக்குச் சரியாக வராது.

"மணத்துல கரப்பான் வந்தா எனக்குல்லா மொதல்ல வரணும்" என்றேன்.

ரோஸ்லின் அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஒனக்கு வந்துதான இருக்கு?"

நவம்பர் 12, புதன்

ஹெப்சி பள்ளிக்கூடத்தில் பாதி நாள் விடுப்புப் போட்டு, யாரையும் கேட்காமல், நத்துவைத் தூக்கிக்கொண்டு ஒரு லேபுக்குப் போய்விட்டாள். அலர்ஜி பேக்கேஜ் என்று ஒன்று உண்டாம். ஒரு ஊசி ரத்தம் எடுத்தால் எந்தெந்தச் சாப்பாடு ஆகாது என்று சொல்லிவிடுவார்களாம். டாக்டர் சீட்டுகூடத் தேவையில்லையாம்.

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான். அதைக் காட்டி "உவ்வா, உவ்வா" என்று தெருவில் போகிற எல்லாரிடமும் புகார் கொடுத்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

ரிசல்ட் வந்துவிட்டது. பரீட்சை முடிவு வந்த வீடு மாதிரி இருக்கிறோம்.

வழவழ காகிதத்தில் வண்ண வண்ணக் கட்டங்கள். முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, மீன், சோயா எல்லாம் சிவப்பு. அதிலும் முட்டை ரத்தச் சிவப்பு. ஹெப்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

"முட்ட மூணாம் கிளாஸ் மைனி."

"மூணாம் கிளாஸ்னா பாஸா பெயிலா?"

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷமே குளிர்பெட்டியிலிருந்து பால் போனது, பிஸ்கட் போனது, ரொட்டி போனது. நத்து பால் டம்ளர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஜெயசிங் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பேச வருவதற்கு முன் காதைச் சொறிவான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"அக்கா, ரோஸ்லின் அக்கா வீட்டு மாடி காலியாத்தான் கெடக்காம். கேக் வேலைய மட்டும் அங்கன வச்சிக்கிட்டா…"

"மட்டும்" என்ற சொல்லை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் அடுப்பு போகும், பிறகு நான் போவேன்.

கடைசியில் ஒரு சமாதானம். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் முடியும்வரை இங்கேயே செய்யலாம். பின்கட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும். கேக் வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பு மாற்றித்தான் நத்துவைத் தொடலாம். இழவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி ஒரு நாளைக்கு மூன்று குளியல். பிறகு ஜனவரியில் பார்க்கலாம் என்றார்கள். ஜனவரி என்று ஒரு மாதம் இருப்பதே இதுவரை எனக்குப் பயமாகத் தோன்றியதில்லை.

நவம்பர் 22, சனி

வியாழக்கிழமை குளிப்பாட்டும்போது நத்துவின் நெஞ்செலும்பு கையில் தட்டுப்பட்டது.

பாலும் முட்டையும் கோதுமையும் போன பிறகு மிச்சம் இருப்பது கஞ்சி. ஹெப்சி காலையில் அரிசியும் பாசிப்பயறும் போட்டுக் காய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போவாள்; நான் பத்து மணிவாக்கில் ஊட்டுவேன். வெள்ளைத் தண்ணீர். அதைக் குடித்து எந்தப் பிள்ளை தேறும்? இவ்வளவு பட்டினிக்கும் தோல் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் ஆறினால் மறுநாள் சிவக்கிறது.

அந்த வழவழ காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். முந்திரி அதில் இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, பெயரே இல்லை. பெயரே இல்லாததால் என்ன கெடுதல் வந்துவிடும்? கேக்கில் தூவ அரைத்து வைத்திருக்கும் முந்திரிப்பொடியில் ஒரு சின்ன ஸ்பூன் எடுத்துக் கஞ்சியில் கலந்தேன். அன்றிலிருந்து கொடுக்கிறேன். ஹெப்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு ரத்தம் எடுப்பாள்.

நவம்பர் 27, வியாழன்

வாயைச் சுற்றிச் சின்னச் சின்னத் தடிப்புகள், கொசு மாநாடு நடத்திவிட்டுப் போனது மாதிரி. மத்தியானத்துக்குள் மறைந்துவிட்டது. எச்சில் துண்டுக்குப் புது சோப்பு போட்டேன், அதுதான். பழைய சோப்புக்கே மாறிவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

பழைய சோப்பிலும் வருகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஹெப்சி இன்று சீக்கிரம் வந்துவிட்டாள். நத்துவின் கன்னத்திலும் உதட்டோரத்திலும் தடிப்பு மிச்சமிருந்தது.

"மைனி, கேக் தட்டு எதையும் தொட்டானா?"

"தொடல."

"ஒங்க கையி?"

"ஏட்டி, மூணு தடவ குளிச்சிருக்கேன். தாமிரபரணியில பாதித் தண்ணி நாந்தான் ஊத்தியிருக்கேன்."

"பொறவு எப்பிடி மைனி வருது?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் பயந்துபோய்க் கேட்டாள். நான் போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தேன். சுத்தமான பாத்திரங்களை.

டிசம்பர் 7, ஞாயிறு

துப்பறியும் வேலையில் இறங்கிவிட்டேன். எனக்கு எதிரி ரோஸ்லின் அக்காவின் முட்டை மணம். அது குற்றவாளி இல்லை என்று நிரூபித்தால்தான் என் அடுப்பு தப்பும்.

ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் கஞ்சி கிடையாது; நத்துவுக்கு அவன் அப்பா இட்லி ஊட்டுவான். இன்று அந்த நேரம் பார்த்துப் பின்கட்டுக் கதவை விரியத் திறந்து வைத்து ஒரு தட்டு முட்டையை அடித்தேன். வீடே முட்டையாக மணத்தது. நத்து இட்லியைத் தின்றான், கை தட்டினான், என் கதவருகே வந்து நின்று மூச்சை இழுத்து "கேக்கு" என்றான்.

மத்தியானம்வரை பின்னாலேயே அலைந்து பார்த்தேன். ஒரு தடிப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை!

ஆக, முட்டை நிரபராதி. எனக்கு ஆடலாம் போலிருந்தது. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது. கதவைத் திறந்தது தெரிந்துவிடும்.

டிசம்பர் 10, புதன்

இன்று கஞ்சி ஸ்பூனைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். பிடிவாதம் அப்படியே அம்மா. பாட்டுப் பாடி, காக்கா காட்டி, பாதிக் கிண்ணம் உள்ளே தள்ளினேன்.

டிசம்பர் 13, சனி

பிளம் கேக் ஆர்டர்கள் தலைக்கு மேல். மூட்டையாக முந்திரி, திராட்சை வந்து இறங்கியிருக்கிறது. ஹெப்சி உலர்திராட்சை நறுக்கிக் கொடுத்தாள். முட்டையைத் தொடாத வேலை மட்டும் செய்வாளாம். இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து நறுக்கினோம்.

"திங்கக்கெழம தடுப்பூசிக்குப் போனா எடை பாப்பாவ. போன தடவையவிடக் கொறஞ்சிருந்தா நான் என்ன செய்ய மைனி?" என்றாள்.

"கொறையாது" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 16, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் தடுப்பூசிக்குப் போக வேண்டும், எடை பார்ப்பார்கள் என்று, பத்து மணிக் கஞ்சியில் முந்திரிப்பொடியை ஸ்பூனில் குவித்துப் போட்டேன். நாலைந்து வாய்தான் வாங்கியிருப்பான். நாக்கை வெளியே நீட்டிக் கையால் வழித்தான். பிறகு வாந்தி. உதடு என் கண் முன்னாலேயே தடித்தது. வயிறு, முதுகு எல்லாம் திட்டுத்திட்டாக எழும்பியது. அழுகை திடீரென்று நின்று இருமலானது. மூச்சு விசிலடித்தது. அழுதுகொண்டே இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கேக் அடுப்பை அணைத்தேனா என்று தெரியாது. செருப்பு இல்லாமல் ஓடினேன். ஆட்டோக்காரர் "ஏறுங்கம்மா" என்றது மட்டும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் பகவதி ஒரே பார்வைதான் பார்த்தார்; தொடையில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. நத்து கண்ணைத் திறந்து டாக்டரைப் பார்த்து "உவ்வா" என்றான். அந்தப் புகாரைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சாப்பிட்டான்?" என்றார் டாக்டர்.

"கஞ்சி."

"கஞ்சியில?"

"அரிசி. பாசிப்பயறு."

ஹெப்சி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் சாக்பீஸ் தூள். என் சேலையில் ஒட்டியிருந்த கேக் மாவைப் பார்த்தாள். "முட்டையா மைனி?" என்று மட்டும் கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று படுக்கை கொடுத்தார்கள்.

இன்று காலை டாக்டர் வந்து அந்த வழவழ காகிதத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டிலில் வைத்தார்.

"இத பாத்துட்டா இத்தனையும் நிறுத்தினீங்க?"

"முட்ட மூணாம் கிளாஸ் போட்டிருக்கே டாக்டர்" என்றாள் ஹெப்சி.

"நீங்க டீச்சர்தானே? மார்க்க மட்டும் பாத்து ஒரு பிள்ளைய முடிவு பண்ணுவீங்களா? கரப்பான் இருக்கிற பிள்ளைங்களுக்கு ரத்தத்துல பலதும் சிவப்பாத்தான் வரும். சிவப்பா வந்ததெல்லாம் சாப்பிட்டா ஆகாதுன்னு அர்த்தம் இல்ல. பாலும் ரொட்டியும் முன்னாடி சாப்பிட்டப்ப ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏம்மா பட்டினி போட்டீங்க? தோலுக்குத் தோல் வைத்தியம் பண்ணணும். களிம்ப பயப்படாம நான் சொல்ற அளவுக்குப் போடணும். சாப்பாட்டு அலர்ஜி வேற விஷயம். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அது சேர்ந்து வர வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். அது சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே காட்டிடும், நேத்து காட்டுச்சே, அந்த மாதிரி. எது காட்டுச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு மொதல்ல வேண்டியது மெஷின் இல்ல. என்ன சாப்பிட்டான்னு வீட்ல இருக்கிறவங்க உள்ளது உள்ளபடி சொல்லணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"அத்தை."

"முகத்துக்கு என்ன போடுறீங்க?"

"சந்தனம்."

"அந்தச் சந்தனம் டியூபுலயா வருது?"

வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

டிசம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் முழுக்க வராந்தாவில் நடந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி முட்டை மேல் போகும். அடுப்பு போகும், ஆனால் நான் எப்படியாவது வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். சொன்னால் நானே போய்விடுவேன். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு அம்மா வார்டு முழுக்கக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்துக்கொண்டு வந்தாள். "இந்தா ராசா" என்று நத்துவிடம் நீட்டினாள். உச்சியில் ஒரு முழு முந்திரி. அவன் கையை நீட்டிவிட்டான். ஹெப்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முட்டை இல்லாத பலகாரம்தானே, தடுக்க அவளுக்கு என்ன காரணம்?

நான் பாய்ந்து தட்டிவிட்டேன். பலகாரம் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அந்த அம்மா வாயைப் பிளந்தாள். நத்து வீறிட்டான்.

"முந்திரி" என்றேன். "கஞ்சியில முந்திரிப்பொடி போட்டேன். ஒரு மாசமாப் போடுதேன். நாந்தான்."

டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எத்தனை நாள், எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் தடிப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டார். "இத இப்ப சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். ஒரு முந்திரி கூடாது, பக்கத்தில்கூட கூடாது, சில வாரம் கழித்துத் தோலில் குத்திப் பார்த்து உறுதி செய்யலாம், முட்டையைப் பற்றி அதற்குப் பிறகு என்றார்.

ஜெயசிங் காதைச் சொறியாமலே பேசினான். "ஒன் கையில பிள்ளைய வுட்டுட்டுல்லா அக்கா நாங்க நிம்மதியா வேலைக்குப் போனோம்."

ஹெப்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நத்துவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திட்டியிருக்கலாம். நான் திட்டுக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

பிளம் கேக் ஆர்டர்கள் அத்தனையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முந்திரி மூட்டை திரும்பிப் போனது. ஆராதனையில் பின்வரிசை.

ஜனவரி 5, திங்கள்

ரோஸ்லின் அக்கா மாடிக்கு வந்துவிட்டேன், அடுப்போடு. படியேறும்போது அக்கா ஆறுதல் சொன்னாள்: "வருத்தப்படாத பியூலா. முட்டன்னு நான் சொன்னப்பவே நீ கேட்டிருந்தா முந்திரிக்கு ஏன் போவப்போற?" இந்தத் தர்க்கத்தை ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஹெப்சி நீண்ட விடுப்புப் போட்டிருக்கிறாள். என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

ஜெயசிங் தெருவில் நின்று கீழேயிருந்தே சொன்னான். தோலில் குத்திப் பார்த்தார்களாம். முந்திரி வைத்த இடம் மட்டும் பெரிய கொப்புளமாக எழும்பியதாம். உறுதிதான். பாலும் கோதுமையும் ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்துக் கொடுத்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டார்களாம்.

"தோலு எப்பிடி இருக்கு?"

"களிம்பு ஒழுங்காப் போடுதோம்லா. குளிச்ச ஈரத்தோட எண்ணெப்பச மருந்தும் தடவச் சொன்னாவ. இப்பம் முழங்கை மடிப்பு வாழத்தண்டு மாதிரி கெடக்கு. சாக்ஸு இல்லாமத் தூங்குதான்."

சாக்ஸ் இல்லாமல் தூங்குகிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

ஹெப்சி படியேறி வந்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செவ்வாக்கெழம முட்ட கொடுத்துப் பாக்கப் போறாவ மைனி. ஆஸ்பத்திரியில வச்சே. முன்னாடி சரியாச் சாப்பிட்டதில்லங்கதால வீட்டுல கொடுக்கக்கூடாதாம். அரிப்பு மருந்து உள்ள இருந்தா ரிசல்ட் சரியாத் தெரியாதுன்னு அதையும் நிறுத்தியாச்சு. ஒங்க தம்பிக்கு லீவு இல்ல. நீங்க வருவியளா?"

ரோஸ்லின் அக்கா இல்லையா, உன் அம்மா வீட்டில் ஆள் இல்லையா என்றெல்லாம் கேட்கவில்லை. "வருதேன்" என்றேன். அவள் போன பிறகு முகம் கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. மேசையில் வெந்த முட்டை ஒன்று; பக்கத்தில் ஊசி மருந்து தயாராக. வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முட்டை உடைத்திருக்கிறேன். ஒரு முட்டையைப் பார்த்துப் பயந்தது இன்றுதான்.

முதலில் உதட்டில் தொட்டு வைத்தார்கள். காத்திருந்தோம். பிறகு கடுகளவு. காத்திருந்தோம். நத்துவுக்கு ஒரே கோபம். இவ்வளவு நாள் கழித்து அத்தையைப் பார்க்கிறான், மடியில் ஏறி என் மூக்கைத் திருகுகிறான், நாங்கள் இரண்டு பேரும் அவன் வாயையே பார்க்கிறோம். பட்டாணியளவு. காத்திருந்தோம். நர்ஸ் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பதும் போவதுமாக இருந்தாள்.

பாதி முட்டை உள்ளே போனபோது கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஹெப்சி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் கத்தினேன். டாக்டர் பகவதி ஓடி வந்து பார்த்தார், விரலால் தடவினார், கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கொசு" என்றார்.

அறையைச் சுற்றி நானே துரத்தி அந்தக் கொசுவை அடித்தேன். இவ்வளவு வெறியோடு நான் எந்த உயிரையும் கொன்றதில்லை.

மிச்சப் பாதியும் போனது. அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. நத்து காலித் தட்டைத் தூக்கிக் காட்டி "இன்னும்" என்றான். "முட்டை சாப்பிடலாம். நிறுத்தாம வாரத்துல சில நாளாவது கொடுங்க. முந்திரி மட்டும் எந்த வீட்லயும் கூடாது, எந்தப் பலகாரத்துலயும் கேக்காம கொடுக்கக்கூடாது" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எனக்கும் ஒரு சீட்டு எழுதினார், முகத்துக்கு. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நத்து என் மடியில் தூங்கிவிட்டான். ஹெப்சி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மார்க்கெட் தாண்டியதும் பேசினாள்.

"மைனி."

"சொல்லு."

"அன்னைக்குக் கஞ்சிய எறக்கி வைக்கும்போது நானும் போட்டேன்."

"என்னத்த?"

"முந்திரிப்பொடி. ஒங்க டப்பாவுலருந்துதான். நவம்பர்லருந்தே போடுதேன், காலைல ஒங்களுக்குத் தெரியாம. பிள்ளைக்கு நெஞ்செலும்பு தெரிஞ்சுது, எனக்குப் பொறுக்கல. அன்னைக்கு எடை பாக்கணும்னு ரெண்டு ஸ்பூன் போட்டேன்."

ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியது. நத்து தூக்கத்திலேயே புரண்டு படுத்தான்.

"ஒங்க தம்பிட்ட இன்னும் சொல்லல மைனி."